ஒன்று திற, இரண்டு மூடு

போன வாரம் பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு போன். பேசியது கணேசன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவன். பம்ப் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம்.

"அண்ணாச்சி, எல்லாப் பைப்பும் நல்லாத்தான் இருக்கு. நீரூற்றுக்குப் போற பைப்புல மட்டும் ஒரு எடத்துல அம்மைத் தழும்பு கணக்கா நசுங்கிக் கெடக்கே. அந்தத் துண்டை மட்டும் அறுத்து மாத்திரவா?"

"ஏலே, அந்தப் பைப்புல கைய வச்சே, நான் அங்கன வந்து உன் கைய ஒடிச்சிருவேன்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். கணேசன் பயந்துபோய், "சும்மா கேட்டேன் அண்ணாச்சி. என்ன வெவரம்னு எழுதிக் குடுங்க, நம்ம பிரிவு மலர்ல போட்டிருவோம்" என்றான். வாயைக் கொடுத்துவிட்டான் இல்லையா, இனி அவன் பாடு.

என் தொழில் பம்ப். ஐ.டி.ஐ. படித்தது, துறைமுகத்தில் கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் ஏற்றுகிற காண்டிராக்டரிடம் குழாய் சுமந்தது, அங்கே ஒரு விரல் நகத்தைத் தொலைத்தது, இதையெல்லாம் விரித்துச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். பல்கலைக்கழகத்துக்குப் பம்ப் ஆபரேட்டராக வந்த பிறகுதான் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது. நூலகத்துக்கு முன்னால் நிற்கிற நீரூற்றுச் சிலைக்குத் தண்ணீர் ஓட்டுவதுதான் கடைசி வரை என் வேலை.

சிலை என்றதும் கண், மூக்கு, கை, கால் தேடாதீர்கள். வளைந்த எஃகுத் தகடுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மாடி உயரத்துக்கு நிற்கும். உச்சியில் பெரிய கிண்ணம். கிண்ணம் நிரம்பினால் தண்ணீர் இரண்டு தகடுகளின் மேலும் மெல்லிசாக வழிந்து கீழே குளத்தில் விழும். செய்தவர் வெளியூர்ச் சிற்பி. திறப்பு விழாவில், "இது என்னதுங்க ஐயா?" என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "பார்க்கிறவருக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். அன்றையிலிருந்து ஆளுக்கு ஒரு பெயர். கணிதத் துறைப் பிள்ளைகளுக்கு அது அடைப்புக்குறி. கேன்டீன் அண்ணாச்சிக்குப் பிய்த்துப் போட்ட பரோட்டா. நான் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவன். எனக்கு அது இரண்டாகப் பிளந்த பனங்கிழங்கு. சூசை அதை வாய் திறந்த முத்துச்சிப்பி என்பான்.

சூசை யாரென்று சொல்ல வேண்டும். நீரூற்றின் வாய்களையும் குளத்தையும் பார்த்துக்கொள்கிற பிட்டர். திரேஸ்புரத்துக்காரன். அவன் அப்பா சங்கு குளித்தவர், தாத்தா முத்துக் குளித்தவர். எல்லாவற்றுக்கும் மேலே, என் கூடப்பிறந்த தங்கச்சி செல்வியின் புருஷன். நானும் அவனும் அப்போது பேசிக்கொள்வதில்லை.

அவர்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். அவன் வேதக்காரன், நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். எங்கள் அப்பா மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இந்த வீட்டுலருந்து ஒரு ஆளு கோயில் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் மிதிக்கவில்லை. ஆனால் மனசு கேட்குமா? கல்யாணத்தன்று மாதா கோயிலுக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே பாட்டு முடியும்வரை இருந்தேன். மாலையும் கழுத்துமாக வெளியே வந்த சூசை என்னைப் பார்த்துவிட்டான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். டீக்கடை வரைக்கும் வந்தவனுக்கு ரோட்டைத் தாண்ட முடியவில்லையா என்று அவனுக்குக் கோபம். நியாயம்தான்.

என் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குப் பெண் பிறந்தது, ஜெனி. தாய்மாமன் நான் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கும்போது, என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தாமல், நகைக்கடையில் கம்மல் வாங்கப் போன இடத்தில் சின்ன மெஷினை வைத்து டப்பென்று குத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு எவனோ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டேன். நடுவில் கிடந்து அல்லாடியது செல்விதான். சந்தையில் என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரே நீரூற்றில் கட்டிப்போட்டது எங்கள் உதவிப் பொறியாளர் செண்பகவல்லி மேடம். விளாத்திகுளத்துக்காரர். ஒரு குடம் தண்ணீருக்கு நடையாய் நடந்து வளர்ந்தவர் என்பதால், தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் அவர் முகம் வாடிவிடும். பம்பின் தண்டு சுழலும் இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கசிய வேண்டும், முழுக்க அடைத்தால் உள்ளே சூடேறிக் கருகிவிடும். அந்தச் சொட்டுக்குக் கீழேயும் ஒரு வாளி வைக்கச் சொன்னார். நிறைந்ததும் வாசலில் நட்ட வேப்பங்கன்றுக்கு ஊற்ற வேண்டும். இன்றைக்கு அந்த வேம்பு பம்ப் ரூம் கூரைக்கு மேல் நிற்கிறது.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலையைச் சொல்வார், சொல்லிவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க" என்பார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை குறைந்தாலும் புன்னகையோடு முதலிலிருந்து சொல்வார். மோட்டார் போடுமுன் பம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும், வால்வை மூடி வைத்து ஓட்ட வேண்டும், பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். இதை எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு வீட்டில் மனைவி கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னாலும் திருப்பிச் சொல்கிற ஆளாகிவிட்டேன்.

பம்ப் ரூம் நூலகத்துக்குப் பின்னால். நீரூற்று முன்னால். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. வைகாசியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பினால் கிண்ணத்துத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் அலுவலக வாசலில் நிற்கிற கார்கள் மேல் வீசும். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் காற்று ஏறினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், தணிந்தால் கூட்ட வேண்டும். காற்றைப் பார்ப்பவன் சூசை, வால்வைத் திருகுபவன் நான்.

"போன் பண்ணிப் பேசிக்கிடுங்க" என்றார் மேடம். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். எவன் முதலில் பேசுவது? முதல் நாள் நான் வால்வைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். திடீரென்று பைப்பில் 'டங்' என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் ஸ்பேனரால் தட்டியிருக்கிறான். திறக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு திறந்தேன். கொஞ்ச நேரத்தில் 'டங் டங்'. மூடினேன். புரிந்ததற்கு அடையாளமாக நானும் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்று என்றால் திற, இரண்டு என்றால் மூடு. வருஷக் கணக்கில் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். அவன் தட்டுகிற தினுசிலேயே அன்றைக்கு அவன் சாப்பிட்டானா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜெனிக்குக் காய்ச்சல் கண்டிருந்த நாட்களில் தட்டு மெலிந்திருக்கும். கேன்டீனில் மெல்ல விசாரித்தால் அப்படித்தான் இருக்கும்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வளாகத்துக்கே லாரித் தண்ணீர். இருந்த தண்ணீரைத்தான் நீரூற்றில் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை. பம்புக்குப் பொட்டு வைத்தோம், ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைத்தோம். இவ்வளவு பெரிய சிலை சும்மா நிற்கிறதே, அதுவும் நம் கருவிதானே என்று எங்கள் ஆட்கள் ஏணி போட்டு அதற்கும் சந்தனம் தெளித்து, ஒரு பெரிய செவ்வந்தி மாலையைப் போட்டார்கள். எந்த இடம் கழுத்து என்றே தெரியாத சிலைக்கு மாலை! சூசை தூரத்தில் நின்று சிரித்தான். ஆனால் பொரி வாங்கித் தின்றான்.

இரண்டாம் நாள் காற்றில் மாலை குளத்தில் விழுந்து, தண்ணீரோடு பைப் வழியாகப் பம்ப் ரூம் பக்கத்துத் தரைத் தொட்டிக்கு வந்துவிட்டது. தொட்டிக்கு அடியில், உறிஞ்சுகிற பைப்பின் முனையில் ஒரு வால்வு உண்டு. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. உள்ளே ஒரு மூடி திறந்து திறந்து அடைக்கும். அதன் சல்லடை துருப்பிடித்து ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அந்த வழியாக மாலை உள்ளே போய், வாழைநார் மூடியில் சுற்றிக்கொண்டது. பம்ப் காற்றைத்தான் குடித்தது. தண்ணீர் ஏறவில்லை.

இரண்டு நாளில் பட்டமளிப்பு விழா. மேலிடத்திலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்: தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் இது எதற்கு, ஓடாவிட்டால் குளத்தில் மண்ணடித்துப் புல் வைத்துவிடலாம் என்று. தொட்டியை இறைத்துவிட்டு இறங்கலாம் என்றால், இறைத்த தண்ணீரைச் சேர்த்து வைக்க இடமில்லை. "ஒரு வாளி கூட வெளிய ஊத்த மாட்டேன்" என்றார் மேடம். முங்கித்தான் எடுக்க வேண்டும். துறைமுகத்தில் முங்குகிற ஆட்களைக் கேட்டோம், அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள்.

"நான் எறங்குதேன் மேடம்" என்றான் சூசை.

மேடம் உடனே விடவில்லை. தொட்டி மூடிகளையெல்லாம் காலையிலிருந்து திறந்து போடச் சொன்னார். காற்றாடி வைத்து ஊதச் சொன்னார். நச்சுக் காற்று பார்க்கிற கருவியைத் தானே கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். பம்பின் மெயினை இறக்கி, பியூஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "இடுப்புல கயிறு கட்டணும். யாரு பிடிக்கணும்?" என்று கேட்டார்.

சூசை வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க சங்கு குளிப்பு வழக்கத்துல பொண்டாட்டி கூடப்பொறந்தவந்தான் பிடிக்கணும் மேடம். மத்தவன் அசந்திருவான். தங்கச்சி தாலின்னா மச்சான் அசர மாட்டான்."

நான் குனிந்து ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்.

"முத்துராஜ்" என்றார் மேடம். "சூசை என்ன சொன்னார்? திருப்பிச் சொல்லுங்க."

பாவி மனுஷி! அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன். "பொண்டாட்டி கூடப்பொறந்தவன் பிடிக்கணுமாம். மச்சான்னா அசர மாட்டானாம்." கயிற்றை எடுத்தேன்.

அவன் இடுப்பில் நானே முடிச்சுப் போட்டேன். அப்போதுதான், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "நான் முங்கும்போது நீரும் மூச்ச அடக்கிக்கிடும். உமக்கு எப்ப முட்டுதோ அப்ப என்னைய இழுத்திரும். எங்க அப்பாவுக்கு எங்க மாமன் அப்படித்தான் பிடிச்சாரு. என்ன ஆனாலும் கயித்த மட்டும் விட்டுராதியும்."

முங்கினான். நானும் மூச்சை அடக்கினேன். நான் அப்போது நல்ல தடியன், மாடி ஏறினாலே இரைக்கும். முட்டியது. இழுத்தேன். மேலே வந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேய், நான் இன்னும் அடியத் தொடக்கூட இல்ல, அதுக்குள்ள தூக்கிட்டீரு?" என்றான். மறுபடி முங்கினான். மறுபடி எனக்கு முட்டியது. "உமக்கு நெஞ்சுல இருக்கது மூச்சா, பீடிப் பொகையா?" என்றான். மேடம் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். "உம்ம மூச்ச நம்புனா பொழுது விடிஞ்சிரும். நான் சுண்டுனா மட்டும் இழும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்ன ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாம் தடவை இறங்கினான்.

கயிறு அசையவில்லை. நான் மூச்சை அடக்கினேன், முட்டியது, விட்டேன். திரும்ப அடக்கினேன். கயிற்றைச் சுண்டவே இல்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மரத்தில் கட்டியது மாதிரி நின்றது.

அப்போது கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து, மங்கலாக. டங் டங்.

"வேலை செய்யுதாரு போல" என்றார் மேடம்.

"இல்ல மேடம். மூடச் சொல்லுதான்!"

எதை, எதற்கு என்றெல்லாம் அந்த நேரம் யோசிக்கவில்லை. இரண்டு தட்டினால் நான் மூடவேண்டியது ஒரே ஒரு வால்வுதான். கயிற்றை விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். விடாமல் எப்படி மூடுவது? என் தங்கச்சி புருஷன் உயிர் என் கையில் கயிறாகவும் இருக்கிறது, உள்ளே வால்வாகவும் இருக்கிறது. கயிற்றை மேடம் கையில் திணித்தேன். "விட்டுராதீங்க, தாயி!" என்று கத்திக்கொண்டு பம்ப் ரூமுக்குள் ஓடினேன். வால்வுச் சக்கரம் உப்புப் பிடித்து இறுகியிருந்தது. மாதாவே, முருகா என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன். நெஞ்சைக் கொடுத்துத் திருகினேன். மூடிய கையோடு அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பைப்பில் ஓங்கித் தட்டினேன். டங் டங் டங். மூன்று. எங்கள் கணக்கில் மூன்று என்பதே கிடையாது. ஏன் தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே ஓடி வந்தேன். மேடம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கால்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றார். கயிறு சட்டென்று தளர்ந்தது. தண்ணீர் கலங்கி, சூசை தலை மேலே வந்தது. இடது கை விரல்கள் நசுங்கி ரத்தம். வலது கையில் அழுகிய செவ்வந்தி மாலை.

நடந்தது இதுதான். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வால்வைத் திறந்து வைத்து, கிண்ணத்திலும் பைப்பிலும் இருந்ததை நார் அடைப்பு வழியே மெதுவாகத் தொட்டிக்கு இறங்க விட்டிருந்தோம். அவன் நாரை உருவியதும், மேலே இருந்த அத்தனை தண்ணீரின் பாரமும் அந்த மூடியை அறைந்து சாத்த, விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. மேலே பம்ப் ரூம் வால்வை மூடினால்தான் பாரம் குறையும். நாங்கள் யாரும் அதை முன்னால் யோசிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு கை மாட்டிக் கிடக்கும்போது அவன் யோசித்திருக்கிறான். மறு கையால் தட்டியிருக்கிறான், நான் கேட்பேன் என்று.

இருமிக்கொண்டே ஏறி உட்கார்ந்தவன் கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தான். "விட்டுட்டீரே வேய்" என்றான்.

"விடாம இருந்தா நீரு போயிருப்பீரு, மாப்ளே!" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். தோளில் போட்டிருந்த துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். அவனும் அழுதான். ஆனால் தலையெல்லாம் தண்ணீராக இருந்ததால் அவன் தப்பித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது கேட்டான்: "கடைசியா மூணு தட்டுனீரே, அது என்ன கணக்கு?"

"வான்னு அர்த்தம்."

"மேலயா?"

"மேல வா. எங்கிட்ட வா. போதுமா?"

அவன் டாக்டர் கையைப் பார்த்துக்கொண்டே, "நீரு முதல்ல ரோட்டத் தாண்டி வாரும்" என்றான்.

பட்டமளிப்பன்று நீரூற்று ஓடியது. பட்ட அங்கியோடு பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் பூ பழத்தோடு திரேஸ்புரம் போனேன். அதே டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைத் திறந்த செல்வி, கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "யாரு வேணும்?" என்று கேட்டாள். "ஏளா, வழிய விடு" என்றேன்.

ஜெனிக்கு ஏற்கெனவே காது குத்தியாகிவிட்டதே, என்ன செய்வது? கம்மலுக்கு மேலே இன்னொரு ஓட்டை என்று முடிவானது. ஆசாரியை வீட்டுக்கே அழைத்து, என் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். விவரம் தெரிந்த வயசு. வலித்ததும் என் கையைக் கடித்துவிட்டாள். அந்தத் தழும்பும் இருக்கிறது. மேடம் விளாத்திகுளத்திலிருந்து போனில் பேசினால் முதலில் கேட்பது இதைத்தான்: "அந்தக் கடிச்ச பிள்ள என்ன படிக்குது?"

இப்போது நானும் சூசையும் ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு மாடித் தொட்டிக்கும் ஒரே மோட்டார். சுவிட்சு என் வீட்டில். அவன் சட்டைப் பையில் போன் இருக்கிறது. ஆனாலும் காலையில் பைப்பில்தான் தட்டுவான். ஒன்று, போடு. இரண்டு, நிறுத்து. இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்பதால் தட்டு கொஞ்சம் கோணலாக விழும். எனக்குப் பழகிவிட்டது.

ஆகவே கணேசா, பைப்பை மாற்றாதே. அந்த இடத்தில் பெயிண்டும் அடிக்காதே. சூசை தட்டுக்கு என் ஸ்பேனர் பதில் சொன்ன இடம் அது. இன்னும் நிறைய எழுதலாம் என்றுதான் இருந்தேன். வால்வுக்கு உப்பு எடுப்பது பற்றிச் சொல்ல இருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் செல்வி மீன் குழம்பை இறக்கிவிட்டாள், வாசனை வந்துவிட்டது. இதோ சுவரோரம் பைப்பும் பேசுகிறது.

டங் டங் டங்.

வாரேன், மாப்ளே.